மெத்து மெத்தென்ற சீட் ஏன் வலிக்கிறது?

சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தவர்கள் முதல் மாதத்தில் சொல்லும் புகார் ஒன்றுதான்: "சீட் வலிக்குது." அதற்கு எல்லா ஊரிலும் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: "ஒரு ஜெல் கவர் வாங்கிப் போடுங்க, சரியாயிடும்." எங்கள் திருத்தணியிலும் இதே கதைதான். கவர் போட்ட முதல் வாரம் சொகுசாக இருக்கும். அப்புறம் வலி திரும்பி வரும். அதற்கப்புறம் பெரும்பாலானவர்கள் வலியைப் பற்றிப் பேசுவதில்லை. சைக்கிளைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிடுகிறார்கள், அதன்மேல் துண்டு காய ஆரம்பிக்கிறது.

இந்தக் குறிப்பில் நான் விமர்சிக்க நினைப்பது அந்தக் கவரை மட்டுமல்ல. 'மெத்தென்று இருந்தால் சுகம்' என்ற நம்பிக்கையையும், சீட் என்பது அவரவர் கடைக்குப் போய்த் தனியாகத் தீர்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி என்ற நினைப்பையும் சேர்த்துத்தான். என் கட்சி இது: சீட் வலியில் பணத்தால் தீர்வது கொஞ்சம், நாலு பேர் சேர்ந்து ஓட்டி, வாய்விட்டுப் பேசித் தீர்வது நிறைய.

ரெண்டு எலும்பு, நடுவில் ஒரு நரம்பு

முதலில் உடம்பைப் பார்ப்போம். வெறுந்தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையை அடியில் கொடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் முண்டு மாதிரி எலும்பு தட்டுப்படும். இடுப்பெலும்பின் அடிமுனைகள் அவை. உட்காரும்போது பாரத்தைத் தாங்க வேண்டியவை அந்த இரண்டும்தான். அவற்றுக்கு நடுவில் இருக்கும் பகுதி பாரம் தாங்குவதற்கு ஏற்றதல்ல. பிறப்புறுப்புக்குப் போகும் நரம்பும் ரத்தக் குழாய்களும் அந்த வழியாகத்தான் போகின்றன.

இப்போது மெத்தென்ற சீட்டில் என்ன நடக்கிறது? இரண்டு எலும்பும் உள்ளே அமுங்குகின்றன. அமுங்கிய இடத்திலிருந்து பிதுங்கும் பஞ்சோ ஜெல்லோ எங்கே போகும்? நடுவில் மேலெழும்பும். ஆக, எலும்பு தாங்க வேண்டிய பாரம் நரம்பின் மேல் ஏறுகிறது. கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கும்போது "ஆஹா" என்று தோன்றும் சீட், 15 கிலோமீட்டர் தாண்டியதும் மரத்துப்போக வைப்பது இதனால்தான். கட்டைவிரல் சைக்கிள் ஓட்டப் போவதில்லையே!

எலும்பில் வரும் வலி வேறு, நடுவில் வரும் மரத்துப்போதல் வேறு. முதலாவது புதுச் செருப்புக் கடி மாதிரி. அளவு சரியாக இருந்தால் சில வாரங்களில் பழகிவிடும். இரண்டாவதைப் பழக்கிக்கொள்ளக் கூடாது. அது உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை. இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித்தராததால், முதலாவதுக்குப் பயந்து மெத்தை வாங்கி, இரண்டாவதை விலைக்கு வாங்கிக்கொள்கிறோம்.

மூன்று சீட்டுகள்

எங்கள் பக்கத்துச் சாலைகளில் இன்று மூன்று வகை சீட்டுகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலாவது, அந்தக் காலத்துத் தோல் சீட். பின்னால் இரண்டு பெரிய சுருள் ஸ்பிரிங், மேலே ஒற்றைத் தோல். இதன் பூர்வீகம் இங்கிலாந்து. பர்மிங்ஹாமில் 1866ல் குதிரைச் சேணம் முதலான தோல் சாமான்கள் செய்யத் தொடங்கிய புரூக்ஸ் கம்பெனி, 1882ல் சைக்கிள் சீட்டுக்குக் காப்புரிமை வாங்கியது. அந்த வகைச் சீட்டில் பஞ்சே கிடையாது. முன்முனைக்கும் பின்சட்டத்துக்கும் நடுவே தோல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். தூளியை நினைத்துக்கொள்ளுங்கள், அதே தத்துவம்தான். பார்க்க விறைப்பாக இருக்கும், ஆனா உட்கார உட்கார அந்த இரண்டு எலும்புக்கும் தோலில் குழி விழும். தோல் தொய்ந்தால் இறுக்கிக்கொள்ள மூக்குக்கு அடியில் ஒரு நட்டு இருக்கும்.

இந்த வடிவம்தான் பிரிட்டிஷ் சைக்கிளோடு நம்ம ஊருக்கு வந்து, இங்கேயே செய்யப்பட்ட சைக்கிள்களிலும் தொடர்ந்தது. 1949ல் தொடங்கிய டி.ஐ. நிறுவனத்தின் சைக்கிள் தொழிற்சாலை அம்பத்தூரில்தான் இருந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அவர்களுடைய பெயர்கள். சென்னையிலிருந்து திருத்தணிக்கு ரயில் ஏறினால் அம்பத்தூரைத் தாண்டித்தான் வர வேண்டும். நம் அப்பாக்கள் ஓட்டிய கறுப்புச் சைக்கிள் அப்படியொன்றும் தூரத்துச் சரக்கு அல்ல.

அந்த சீட் நல்ல சீட் என்பது என் தீர்ப்பு. ஆனால் ஒரு நிபந்தனையோடு. அது நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவர்களுக்கான சீட். நிமிர்ந்து உட்காரும்போது உடம்பின் பாரம் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இறங்கும். அதனால் அகலம் வேண்டும், மேடுபள்ளத்துக்கு ஸ்பிரிங் வேண்டும். பால் கேனோ, பாவு நூல் மூட்டையோ கேரியரில் கட்டிக்கொண்டு மெதுவாகப் போகிறவருக்கு அது பொருந்தியது. அதன் பலவீனம் மழை. நனைந்த தோல் உருக்குலைந்துவிடும். சீட்டுக்குப் பாலிதீன் பை கட்டும் பழக்கம் வந்தது சும்மா இல்லை.

இரண்டாவது, இன்றைக்குச் சாதாரண சைக்கிள்களில் வரும் ரெக்சின் சீட். பார்க்க முதலாவதின் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் தூளித் தத்துவம் போய்விட்டது. தகட்டின் மேலோ பிளாஸ்டிக் அடியின் மேலோ பஞ்சு, அதன்மேல் ரெக்சின். ஒரு கோடைக்கும் ஒரு மழைக்கும் பிறகு பஞ்சு ஒரு பக்கமாக அமுங்கி, ஓரம் கிழிந்து, நடு மட்டும் மேடாக நிற்கும். தோல் சீட் நாளாக ஆக நமக்கு ஏற்றதாக மாறும், இது நாளாக ஆக நமக்கு விரோதியாக மாறும். மலிவு என்பதைத் தவிர இதற்காக வாதாட என்னிடம் ஒன்றுமில்லை. ஜெல் கவர் விற்பனைக்கு முக்கியக் காரணமே இதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சென்னைப் பக்கமிருந்து ஹெல்மெட்டும் இறுக்கமான உடையுமாக வருபவர்களின் சீட். கை அகலம்கூட இல்லாத, கட்டை மாதிரியான சீட். அவர்கள் அதை 'சேடில்' என்பார்கள். டீக்கடையில் சைக்கிளை நிறுத்தும்போது நம்ம ஊர்க்காரர்கள் அந்த சீட்டைத் தொட்டுப் பார்த்துச் சிரிப்பார்கள், "இதுல எப்படிங்க ஒக்காருறது?" என்று. ஆனால் அதற்கும் நியாயம் உண்டு. குனிந்து ஓட்டும்போது பாரத்தில் ஒரு பங்கு கைக்கும், ஒரு பங்கு மிதிக்கும் காலுக்கும் போய்விடும். சீட்டின் மேல் இருப்பது மிச்சம்தான். அகலமான சீட்டாக இருந்தால் வேகமாக மிதிக்கும்போது தொடையின் உள்பக்கம் உரசிப் புண்ணாகிவிடும்.

ஆகவே மூன்றில் எது சிறந்தது என்ற கேள்வியே தவறு. நீங்கள் எப்படி உட்காருகிறீர்கள், எவ்வளவு நேரம், எந்தத் துணியில் என்பதுதான் கேள்வி. துணியும் கணக்கில் உண்டு. லுங்கி கட்டி ஓட்டும் நெசவாளருக்கு வராத எரிச்சல் ஜீன்ஸ் போட்ட பையனுக்கு வருவதற்குக் காரணம், ஜீன்ஸில் நாலு தையலும் கூடும் தடித்த முடிச்சு சரியாக நரம்பின் மேல் உட்காருவது.

மலை சோதிக்காது, சமவெளி சோதிக்கும்

திருத்தணி என்றால் மலை, மலை என்றால் 365 படி என்பதுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது. வண்டி போகும் சாலையும் மலைக்கு உண்டு. அதில் சைக்கிளில் ஏறிவிட்டுப் பெருமையாக இறங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு சீட்டின் தரத்தை மலைச்சாலையில் கண்டுபிடிக்க முடியாது. ஏறும்போது அடிக்கடி எழுந்து நின்று மிதிக்கிறோம், பாரம் சீட்டை விட்டு விலகுகிறது, ரத்தம் ஓடுகிறது.

சீட்டின் உண்மையான சோதனை சமவெளிதான். திருவாலங்காடு போகும் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்கால் அம்மையார் வந்து தங்கிய ஊர், நடராசரின் ரத்தின சபை. திருத்தணியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். வயலும் செங்கல் சூளையுமாக நீளும் இந்த மாதிரிச் சாலைகளில் எழுந்து நிற்கக் காரணமே இருக்காது. அசையாமல் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே போவோம். முதல் அரை மணி நேரம் எல்லா சீட்டும் நல்ல சீட். அதற்குப் பிறகுதான் எது எப்படிப்பட்டது என்று தெரியும். இதில் ஒரு மருந்தும் அடங்கியிருக்கிறது: பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து நின்று பத்து மிதி மிதியுங்கள். எந்தக் கவரும் செய்யாத வேலையை அது செய்யும்.

ஏன் பேசுவதில்லை?

இவ்வளவு எளிமையான விஷயம் ஏன் ஊருக்குள் பரவவில்லை? இரண்டு காரணம் தோன்றுகிறது.

ஒன்று, நாம் சைக்கிள் கற்றுக்கொள்ளும் விதம். நம்மில் ஒரு தலைமுறை சீட்டே இல்லாமல்தான் ஓட்டக் கற்றது. குரங்கு பெடல்! 2024ல் அந்தப் பெயரில் கமலக்கண்ணன் எடுத்த படமே வந்துவிட்டது. பாருக்கு அடியில் ஒரு காலை விட்டு, ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டு மிதிப்பது. அது கைவந்ததும் பார் மேல் ஏறுவது. கடைசியாகத்தான் சீட். "அவன் சீட்ல ஏறிட்டான்டா" என்பது ஒரு பட்டம். அப்படி மூன்று கட்டம் தாண்டிப் போய்ப் பிடித்த சிம்மாசனத்தைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? நம் சைக்கிள் கதைகள் பெரும்பாலும் பையன் சீட்டில் ஏறியதோடு முடிந்துவிடுகின்றன. ஏறியவன் எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்பதைக் கேட்பாரில்லை.

இரண்டாவது, வலிக்கிற இடம். முதுகு வலி, முட்டி வலி என்று டீக்கடையில் சத்தமாகச் சொல்லலாம். இதை எப்படிச் சொல்வது? ஆண்களே தயங்குகிறார்கள் என்றால் பெண்கள் நிலைமையைக் கேட்கவே வேண்டாம்.

வெளிநாட்டிலும் இந்தத் தயக்கம் இருந்தது. ஆனால் அங்கே ஒரு கட்டத்தில் ஆராய்ச்சி வாயைத் திறந்தது. அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் என்ற அரசு நிறுவனம், சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்களை வைத்து ஆய்வு செய்து 2008ல் முடிவை வெளியிட்டது. மூக்கே இல்லாத சீட்டை ஆறு மாதம் பயன்படுத்தியவர்களுக்கு மரத்துப்போதல் கணிசமாகக் குறைந்தது. பெண்களைப் பற்றி யேல் பல்கலைக்கழக ஆய்வு 2006ல் வந்தது. தவறாமல் சைக்கிள் ஓட்டும் பெண்களை ஓட்டப் பயிற்சி செய்யும் பெண்களோடு ஒப்பிட்டு, சைக்கிள்காரிகளுக்கு அந்த இடத்தில் உணர்வு குறைந்திருப்பதைக் காட்டியது. இதைச் சொல்வது பயமுறுத்துவதற்காக அல்ல. வலி என்பது சம்பந்தப்பட்டவரின் 'நோஞ்சான்தனம்' அல்ல, சீட்டுக்கும் உடம்புக்கும் உள்ள பொருத்தமின்மை என்று சொல்வதற்காக.

சைக்கிள் கொடுத்தோம், சீட்டை மறந்தோம்

இங்கே ஒரு பெரிய விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் பெண்களையும் சைக்கிளையும் பற்றிப் பேசினால் புதுக்கோட்டையில்தான் தொடங்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம், அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு சைக்கிளையும் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுத்தந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதி உலகறியச் செய்தார். அதில் எனக்குப் பிடித்த ஒரு தகவல்: லேடீஸ் சைக்கிள் போதாத நிலையில் ஆண்கள் சைக்கிளையே ஓட்டிய பெண்கள், அதிலும் சிலர், முன்பார் இருப்பது வசதி என்றார்கள், குழந்தையை உட்கார வைக்கலாமாம். தங்களுக்குக் கிடைத்த வண்டியைத் தங்கள் வாழ்க்கைக்கு ஏற்றபடி பார்த்த கண் அது.

பிறகு அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம். 2001-02ல் பிளஸ் ஒன் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பின்னால் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவ மாணவிகள் எல்லாருக்கும் விரிந்தது. இந்தத் திட்டத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை பக்கத்துக் கிராமங்களில் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன்.

ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நாலே முக்கால் அடிப் பெண்ணும் ஐந்தே முக்கால் அடிப் பெண்ணும் ஒரே உயரத்தில் சீட் வைத்த சைக்கிளில் போகிறார்கள். சாலையோரம் நின்று பார்த்தால் போதும். முட்டி நெஞ்சை இடிக்கிற மாதிரி மடங்கி மிதிக்கும் பிள்ளைகள் ஒரு பக்கம், இடுப்பை இரு பக்கமும் ஆட்டி ஆட்டிப் பெடலை எட்டிப் பிடிக்கும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். சீட் தாழ்வாக இருந்தால் கால் தாங்க வேண்டிய பாரமும் சீட்டில் இறங்கும். உயரமாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு சீட்டில் உரசும். இரண்டும் வலிதான். ஒரு ஸ்பானரும் பத்து நிமிஷமும் போதும், சரிசெய்துவிடலாம். அந்த ஸ்பானரை எடுத்து, "இப்படி ஒக்காரும்மா, குதிகால் எட்டுதா பாரு" என்று சொல்ல ஒருவர் இல்லை. சைக்கிள் பொதுவாகக் கிடைத்துவிட்டது, அதைப் பற்றிய அறிவு பொதுவாகக் கிடைக்கவில்லை.

கூட்டமாக ஓட்டுவது எதற்கு?

அதனால்தான் சேர்ந்து ஓட்டுவதைப் பற்றி இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன். ஞாயிறு காலை எங்கள் ஊரில் ஆறேழு பேர் கிளம்புவோம். பெயர் வைத்த குழு எதுவும் இல்லை, சட்டையும் கிடையாது. ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒருவர், விசைத்தறி ஓட்டும் ஒருவர், ஒரு பள்ளி ஆசிரியை, அவங்க பொண்ணு, ரெண்டு காலேஜ் பசங்க. சில வாரம் அரக்கோணம், சில வாரம் நகரி. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணியே ஆந்திராவில் இருந்த ஊர்தான். ம.பொ.சி. போன்றவர்கள் போராடி மீட்ட எல்லையை சைக்கிளில் தாண்டும்போது கடைப் பலகையின் எழுத்து மாறுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. எங்களில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்குதான். சீட்டுக்கு அங்கேயும் சீட்டுதான்.

இந்தக் கூட்டத்தில் நடக்கும் உருப்படியான காரியம் சைக்கிள் மாற்றி ஓட்டுவது. போகும்போது ஒருவர் சைக்கிள், வரும்போது இன்னொருவர் சைக்கிள். ஒரு சீட் ஒத்துவருமா என்று கடையில் தெரியாது, பத்து கிலோமீட்டரில் தெரியும். அப்படி மாற்றி ஓட்டித்தான் அந்த ஆசிரியை, தன் சைக்கிளில் இருந்த பஞ்சு சீட்டைவிட ரயில்வேக்காரரின் பழைய தோல் சீட் தனக்குச் சரி என்று கண்டுகொண்டார். "மாமா, உங்க சைக்கிள நான் எடுத்துக்கறேன்" என்று இப்போது வாராவாரம் வம்பு. அவரும் "எடுத்துக்கோம்மா, ஆனா மழையில மட்டும் நனைச்சிடாத" என்பார். அந்தப் பெண்பிள்ளையின் சீட்டை ஒன்றரை அங்குலம் தூக்கியதும் இதே கூட்டத்தில்தான். ஒருவர் வலியைச் சொன்னால் இன்னொருவர் "எனக்கும்தான்" என்கிறார். அந்த "எனக்கும்தான்" எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஆனால் கூட்டமாக ஓட்டுவதே மருந்து என்றும் நான் சொல்ல மாட்டேன். வேகமும் தூரமும் மட்டுமே பேச்சாக இருக்கும் கூட்டத்தில் வலியைச் சொல்வது இன்னும் கஷ்டம். "பழகிடும் பாஸ்" என்ற ஒரே வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடும். அங்கே புதிதாக வருகிறவர் மூன்றாவது வாரம் வருவதில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க யாருக்கும் தோன்றுவதுமில்லை. ஒரு சைக்கிள் கூட்டம் நல்லதா என்பதற்கு என் அளவுகோல் அதன் சராசரி வேகம் அல்ல. கடைசியில் வருகிறவர் "கொஞ்சம் நில்லுங்க, சீட்ட சரி பண்ணணும்" என்று கூச்சமில்லாமல் சொல்ல முடிகிறதா என்பதுதான்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள

வெறும் விமர்சனத்தோடு விட்டால் நியாயமில்லை. செலவில்லாமல் செய்யக்கூடியவை இவை.

அளவு: பார்சல் பெட்டியின் நெளிவு அட்டையை ஒரு தட்டையான ஸ்டூலின் மேல் வைத்து, மெல்லிய துணியோடு அதன்மேல் உட்கார்ந்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, ஒரு நிமிஷம் கழித்து எழுந்திருங்கள். அட்டையில் இரண்டு குழி தெரியும். இரண்டின் நடுப்புள்ளிகளுக்கும் இடையே ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். சீட்டின் பின்பக்கம் அதைவிடச் சுமார் 2 சென்டிமீட்டராவது அகலமாக இருக்க வேண்டும். நிமிர்ந்து ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல்.

உயரம்: சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீண்டிருக்க வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டியில் லேசான மடிப்பு இருக்கும். அதுதான் சரி. சீட் கம்பியில் கடைசி அளவுக்கோடு வெளியே தெரியும்படி மட்டும் தூக்கக் கூடாது.

சாய்வு: முதலில் மட்டமாக வையுங்கள். நடுவில் மரத்துப்போனால் மூக்கைக் கொஞ்சமே கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். அதிகம் இறக்கினால் முன்னால் வழுக்கிக் கை வலிக்கும்.

பொறுமை: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டு வாரம் ஓட்டிவிட்டு அடுத்தது. இவ்வளவும் செய்தும் மரத்துப்போவது நிற்கவில்லை என்றால் நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட்டைத் தேடலாம். அப்போதும் நிற்காவிட்டால் டாக்டரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

பள்ளிக்கூடங்களில் சைக்கிள் கொடுக்கும் நாளில் மேடை போடுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். அந்த மேடைக்குப் பக்கத்தில் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் ஒருவரை ஸ்பானரோடு நிற்க வைத்தால் என்ன? பெண்பிள்ளைகள் கூச்சமில்லாமல் கேட்க ஒரு ஆசிரியையும் கூட நிற்கட்டும். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிஷம். அரசாணை எல்லாம் வேண்டாம், ஊரில் நாலு பேர் நினைத்தால் நடக்கும். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதைச் சொல்லியிருக்கிறேன். ரயில்வேக்காரர் பழைய ஸ்பானர் செட்டைத் தேடி எடுத்துவிட்டார்.